அசையாமல் நிற்பது யாருக்கும் வராது

கேள்வி: என் வயது 36. பதினாறு வயது வரை பரதநாட்டியம் கற்றேன். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு சென்ற ஆண்டு மீண்டும் வகுப்பில் சேர்ந்தேன். அடவுகள் திரும்ப வந்துவிட்டன. ஆனால் வலக்காலை ஊன்றி இடக்காலைக் குறுக்கே தூக்கி நிற்கும் நடராஜர் நிலையில் நான்கு எண்ணுவதற்குள் தள்ளாடிவிடுகிறேன். எடையை முழுதாக வலக்காலுக்கு மாற்றி, நிலைப்பட்ட பிறகுதான் இடக்காலைத் தூக்குகிறேன், அப்படியும் நிற்பதில்லை. இடக்காலில் நிற்கும் நிலைகளில் இவ்வளவு மோசமில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஓரளவு சமாளிக்கிறேன். மேடையில் விளக்கு முகத்தில் அடித்தால் கதை முடிந்தது. சுற்றி முடித்ததும் தலை கிறுகிறுக்கிறது. "அசையாமல் நில்" என்கிறார் டீச்சர். அவருக்கு 63 வயது, தூண்போல் நிற்கிறார். எனக்குக் காதில் கோளாறா? ஏறிவிட்ட எட்டுக் கிலோ எடையா? வயதா? (கல்லூரி நாள்களில் படிக்கட்டில் வலது கணுக்கால் பிசகி ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தேன். அது எப்போதோ சரியாகிவிட்டது.)

பதில்: கடைசியில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிகளைத்தான் நான் முதலில் அடிக்கோடிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் உங்கள் டீச்சரைப் பற்றிய ஒரு ரகசியத்தை உடைத்துவிடுகிறேன்: அவரும் அசைந்துகொண்டுதான் இருக்கிறார்.

நான் இயன்முறை மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆடுகிறவர்கள், மீதிப் பேர் விழுந்தவர்கள். இரு சாராரையும் முதலில் ஒரே பலகையின் மேல்தான் ஏற்றி நிறுத்துவேன். பார்ப்பதற்கு எடை பார்க்கும் கருவிபோல் இருக்கும். ஆனால் எவ்வளவு எடை என்பதோடு, அந்த எடை பாதத்தின் எந்தப் புள்ளி வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதையும் அது இடைவிடாமல் குறித்துக்கொண்டே இருக்கும். திரையில் அந்தப் புள்ளி ஓடுவதைப் பார்க்கலாம். எவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரர் ஏறினாலும் அது நிற்பதில்லை. ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தால், எழுதப் பழகாத குழந்தை கையில் பேனா கிடைத்ததுபோல் ஒரு கிறுக்கல் வந்திருக்கும். தேர்ந்தவரின் கிறுக்கல் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, மற்றவர்களுடையது பரவுகிறது. அவர் தூண், நீங்கள் தள்ளாட்டம் என்று நீங்கள் நினைப்பதற்கு இந்தக் கிறுக்கலின் அளவைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒரு நீளக் கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கையை ஆட்டாமல் வைத்தால் கம்பு விழுந்துவிடும். அது சாயும் பக்கமாகக் கையைக் கொஞ்சம் கொண்டுபோனால் நிமிரும். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் மறுபக்கம் சாயும், உடனே அங்கே ஓட வேண்டும். நிற்கிற மனித உடலும் இந்தக் கம்புதான். இயற்பியலில் இதைத் தலைகீழ் ஊசல் என்பார்கள். கையின் இடத்தில் பாதம் இருக்கிறது. பாதம் இருந்த இடத்தைவிட்டு நகர முடியாது என்பதால், பாதத்துக்குள்ளேயே எடை இறங்கும் புள்ளி நகர்கிறது. உடல் முன்னால் சாய்ந்தால் கெண்டைக்கால் தசை இறுகி அந்தப் புள்ளியை விரல்களை நோக்கித் தள்ளும், உடல் பின்னுக்கு வரும். பக்கவாட்டில் சாய்ந்தால் பாதத்தின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் மாறி மாறி அழுத்தும். நீங்கள் பேருந்துக்காகச் சும்மா நிற்கும்போதுகூட இது ஓயாமல் நடக்கிறது.

எவ்வளவு அவசரமான வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிற்கிற உடலின் நிறை மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, சுமாராக உயரத்தில் 55 விழுக்காட்டில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்கு உள்ளே இருக்கிறது. 160 சென்டிமீட்டர் உயரமானவருக்குத் தரையிலிருந்து 88 சென்டிமீட்டர். இந்த நீளமுள்ள தலைகீழ் ஊசல் 1 டிகிரி சாய்ந்து, யாரும் எதுவும் செய்யாமல் விட்டுவிட்டால், ஒரே விநாடியில் ஏறத்தாழ 14 டிகிரி சாய்ந்திருக்கும். முதல் 0.1 விநாடியில் சாய்வு சுமார் 6 விழுக்காடுதான் கூடுகிறது, 0.2 விநாடியில் 23 விழுக்காடு. அதாவது தாமதத்துக்கு வட்டி போடுகிறது, வட்டிக்கு வட்டியும் போடுகிறது.

இந்தக் கணக்கில் உயரம் வந்தது, புவியீர்ப்பு வந்தது, எடை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நாற்பது கிலோ உடலும் எண்பது கிலோ உடலும் ஒரே வேகத்தில்தான் சாய்கின்றன. எனவே எட்டுக் கிலோ ஏறியதால் நீங்கள் விரைவாக விழத் தொடங்கவில்லை. விழுவதை நிறுத்தும் தசைக்குத்தான் கூடுதல் வேலை. எந்தத் தசை என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது "அசையாமல் நில்". டீச்சர் சொல்வது பார்வையாளருக்குத் தெரிய வேண்டிய தோற்றம். நீங்கள் அதை உடலுக்கான கட்டளையாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். அசையக்கூடாது என்று முடிவுசெய்தவர் என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கால்விரல்கள் தரையைக் கவ்வும், முழங்கால் பின்னுக்குப் பூட்டிக்கொள்ளும், மூச்சு நிற்கும். கணுக்காலின் எல்லாத் தசைகளும் ஒருசேர இறுகிவிட்டால் எடை இறங்கும் புள்ளியை நுட்பமாக நகர்த்த அங்கே யாரும் மிச்சமில்லை. கம்பைத் தாங்கிய கையை யாரோ கட்டிப்போட்டதுபோல்தான். பலகையின் மேல் ஏற்றி "துளியும் அசையாதீர்கள்" என்று சொன்னால் பலருடைய கிறுக்கல் பெரிதாகிறது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னால் சிறிதாகிறது. முதலில் பார்த்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

காரணம் இதுதான். கணுக்கால் சாய்ந்ததை உணர்ந்து தசை தானாகத் திருத்தம் தொடங்க 0.1 விநாடி அளவில் போதும். "ஐயோ, சாய்கிறேன்" என்று நினைத்து, முடிவெடுத்து, தசைக்கு ஆணையிட அதைப்போல் இரண்டு மடங்காவது ஆகும். மேலே சொன்ன வட்டிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். யோசிக்கிறவர் எப்போதும் பிந்தித்தான் வந்து சேர்வார், வந்ததும் பதற்றத்தில் அதிகமாகத் திருத்துவார்.

சரி, உங்கள் நடராஜர் நிலைக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது: எடையை முழுதாக மாற்றி, நிலைப்பட்ட பிறகுதான் காலைத் தூக்குகிறேன் என்கிறீர்கள். எவ்வளவு கவனமாக ஒரு தவறைச் செய்கிறீர்கள் பாருங்கள்.

ஒரு முழுக் கால் உடல் எடையில் சுமார் 16 விழுக்காடு. ஒரு கை 5 விழுக்காடு. வலப்பாதத்தின் நடுவில் நிறை மையத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். இப்போது இடக்கால் எழுந்து குறுக்கே வலப்பக்கம் வருகிறது. அந்தக் காலின் எடை மையம் இடப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வலப்பக்கம் போயிருக்கும். 30-இல் 16 விழுக்காடு 4.8. இடக்கையும் மார்புக்குக் குறுக்கே வலப்பக்கம் நீள்கிறது. அதன் எடை மையமும் 30 சென்டிமீட்டர் போனதாக வைத்துக்கொண்டால், 30-இல் 5 விழுக்காடு 1.5. இரண்டையும் கூட்டினால் 6.3. மொத்த உடலின் நிறை மையம் வலப்பக்கம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டது. பாதம் எவ்வளவு அகலம்? அளந்து பாருங்கள். அகலமான இடத்தில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் இருக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்துகூட இல்லை. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருப்பதால் குறுக்குவாட்டில் அந்த எல்லை ஆறுவரை நீளலாம். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள், அல்லது விளிம்பைத் தாண்டிவிட்டீர்கள். நிறை மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு பாதத்துக்கு வெளியே விழுந்த பிறகு எந்தத் தசையாலும் அந்த நிலையில் உங்களை நிறுத்த முடியாது. ஒரு தத்தலோ, ஒரு எட்டோ வைத்துத்தான் ஆக வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு, ஆடுகிறவர்கள் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். ஒன்று, கால் குறுக்கே வர வர உடற்பகுதி மறுபக்கம் விட்டுக்கொடுப்பது. தலையும் உடற்பகுதியும் சேர்ந்து உடல் எடையில் பாதிக்கு மேல் என்பதால், கால் நகர்ந்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அவை இடப்பக்கம் நகர்ந்தால் கணக்கு நேராகிவிடும். இன்னொன்று, எடையை முழுதாக மாற்றி முடிப்பதற்குள்ளாகவே காலை எடுத்துவிடுவது. நிறை மையம் வலப்பாதத்தின் உள்விளிம்பை எட்டும்போதே இடக்கால் புறப்பட்டால், மீதித் தூரத்தைக் காலின் எடையே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிடும். கால் வந்து நிற்கிற நொடியும் நிறை மையம் பாதத்தின் நடுவுக்கு வருகிற நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். டீச்சர் செய்யும்போது ஊன்றிய காலைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். அவர் இடுப்பு வலப்பாதத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கால் எழுகிறதா, கால் எழும்போது இடுப்பு இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா?

இடக்காலில் நின்றால் மோசமில்லை என்றீர்கள். ஒரே நிலையை இரு பக்கமும் செய்து பார்த்துத்தான் சொல்கிறீர்களா? தூக்கிய கால் பக்கவாட்டிலோ முன்னாலோ போகும் நிலைகளில் கணக்கே வேறு. நடராஜர் நிலையைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடக்காலில் ஒருமுறை செய்துவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி தள்ளாடினால் மேலே சொன்ன காலக்கணக்குதான் பிரச்சினை. வலக்காலில் மட்டும் அதிகம் என்றால் உங்கள் அடைப்புக்குறி வேலை செய்கிறது.

காலைத் தூக்குவதைப் பற்றி இன்னொன்று. சுவரை ஒட்டிப் பக்கவாட்டாக நில்லுங்கள். இடத்தோளும் இடப்பாதத்தின் வெளிவிளிம்பும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இப்போது வலக்காலைப் பக்கவாட்டில் தூக்கி நில்லுங்கள். நிற்க முடியாது. காலில் வலு இல்லை என்பதல்ல. ஒரு காலைத் தூக்குமுன் உடல் மற்றக் காலின் பக்கம் போயாக வேண்டும். சுவர் அதற்கு வழிவிடவில்லை. உடலை அந்தப் பக்கம் அனுப்புவது எது தெரியுமா? தூக்கப்போகிற கால்தான். எழுவதற்கு முன் அது ஒரு கணம் தரையைக் கூடுதலாக அழுத்தி உடலை மறுபக்கம் தள்ளிவிட்டுப் புறப்படுகிறது. பலகையில் இது அழகாகத் தெரியும்: எழப்போகும் காலின் எடை குறைவதற்கு முன் ஒரு சின்ன மேடுபோல் ஏறி இறங்கும். கையைத் தூக்கினாலும் இப்படித்தான். 1967-இல் மாஸ்கோவில் குர்ஃபின்கெலும் அவருடைய சகாக்களும் நின்றுகொண்டிருப்பவரின் கையை விரைவாக உயர்த்தச் சொல்லி அளந்து பார்த்தபோது, தோள் தசைக்கு முன்பே கால் தசை வேலையைத் தொடங்கியிருந்தது. அசைவு வரும் முன்பே அதன் விளைவுக்கு உடல் ஈடுகட்டிவிடுகிறது. உங்கள் டீச்சருக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் கிடைத்திருப்பது இந்த முன்கூட்டிய ஈடுகட்டல்தான். 36 வயதில் அது வராமல் போகக் காரணமே இல்லை. வயதைக் குறைசொல்ல இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறது.

இனி அந்த அடைப்புக்குறி.

கணுக்கால் பிசகும்போது பெரும்பாலும் பாதம் உட்பக்கம் மடங்கி, வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள்தான் இழுபடுகின்றன, சில சமயம் கிழிகின்றன. நார் ஆறிவிடும், வீக்கம் வடிந்துவிடும், நடக்கலாம், ஓடலாம். ஆனால் மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் உணர்வு பழைய கூர்மைக்குத் திரும்பாமல் போவதுண்டு. 1965-இல் பிரிட்டனில் ஃப்ரீமன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இதை எழுதினார்கள்: பிசகிய காலில் நிற்கும்போது பலருக்குத் தடுமாற்றம் மிஞ்சுகிறது, ஆடும் பலகையில் நின்று பழகினால் அது குறைகிறது என்று. இன்றைக்கு நாங்கள் தரும் பயிற்சிகளில் பாதி அந்தப் பலகையின் வாரிசுகள்தான். கட்டுப் போட்டு ஒரு மாதம் வைத்திருந்தவர்கள், கட்டு அவிழ்த்த பிறகு உங்களை ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கியிருக்க வேண்டும். பழக்கியிருக்க மாட்டார்கள். இந்தக் குறையை நான் வாரத்துக்கு நாலு பேரிடம் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது முந்தைய கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். நடராஜர் நிலையில் கால் குறுக்கே வந்து எடையை வலப்பாதத்தின் வெளிவிளிம்புக்குத் தள்ளுகிறது. உங்கள் பழைய காயமும் அதே வெளிப்பக்கம்தான். எங்கே துல்லியமான செய்தி வேண்டுமோ அங்கேயே செய்தி மந்தமாக வருகிறது. ஒருமுறை அந்தப் பக்கம் மடங்கி அடிபட்ட நினைவு வேறு தசையை முன்கூட்டியே இறுக்கிவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் மேலே போனால் இடுப்பு. ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு தூக்கிய கால் பக்கம் சரிந்துவிடாமல் பிடித்திருப்பது, ஊன்றிய பக்கத்து இடுப்பின் வெளிப்புறத் தசை. பாவம், அதற்கு மிக மோசமான நெம்புகோல் வாய்த்திருக்கிறது. இடுப்பு மூட்டிலிருந்து உடல் எடை இறங்கும் கோடு இருக்கும் தூரம், அந்தத் தசை இழுக்கும் தூரத்தைவிட வெகு அதிகம். அதனால் அது எடையைவிடக் கூடுதலாக இழுத்தாக வேண்டும். எடையும் தசை இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான சுமை விழுகிறது. உங்கள் எட்டுக் கிலோ இங்கேதான் கணக்கில் வருகிறது, பதினாறுக்கு மேலாக. எடையைக் குறைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று சொல்லவில்லை; அந்தத் தசைக்கு வலு ஏற்றினால் போதும்.

கண்ணாடி விஷயம் சுவையானது. நாம் சாய்கிறோமா என்று மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போகிறது: கண், உட்காது, பிறகு உள்ளங்காலும் தசைகளும் மூட்டுகளும். கண் மற்ற இரண்டையும் அமுக்கிவிடக்கூடிய அதிகாரி. எடின்பரோவில் 1970-களில் டேவிட் லீ என்ற உளவியலாளர் தரையைத் தொடாமல் தொங்கும் ஓர் அறையைச் செய்து, உள்ளே ஆளை நிறுத்திச் சுவர்களை மட்டும் லேசாக நகர்த்தினார். தரை அசையவே இல்லை. பெரியவர்கள் சுவரோடு சேர்ந்து சாய்ந்தார்கள். புதிதாக நடக்கப் பழகிய குழந்தைகள் பொத்தென்று விழுந்தார்கள். கால் சரியான செய்தியைத்தான் அனுப்பியது, கண் அதைக் கேட்க விடவில்லை.

வலக்கணுக்காலின் செய்தி மந்தமானதால் நீங்கள் அந்த வேலையைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டீர்கள். கண்ணாடி முன்னால் இருக்கும்வரை கண் சமாளிக்கிறது. மேடையில் விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது, எதிரே இருட்டு, பிடித்துக்கொள்ளக் கோடோ விளிம்போ இல்லை. கடைசி வரிசையில் ஒரு புள்ளியைப் பார்க்கும்படி யாராவது சொல்லியிருப்பார்கள். அது பார்வையின் கம்பீரத்துக்கு நல்லது, நிலைக்கு அவ்வளவு உதவாது. தொலைவில் உள்ள பொருள், நீங்கள் ஒரு சென்டிமீட்டர் அசைந்தால் கண்ணில் அசைந்ததாகவே தெரியாது. ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் தொலைதூர மலை நகராததுபோல் இருக்கும், அருகில் உள்ள கம்பங்கள் பறக்கும் அல்லவா? அதேதான். முகத்தை நேராக வைத்துக்கொண்டே மேடையின் முன்விளிம்போ தரையில் ஒட்டிய குறியோ கடைக்கண்ணில் தெரியும்படி நில்லுங்கள். அது நல்ல பிடி.

அதைவிட நல்ல பிடி விரல் நுனி. 1990-களில் அமெரிக்காவில் ஜெகா, லாக்னர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். தடுமாறும் நிலையில் நிற்பவர் ஒரு விரலால் பக்கத்துக் கம்பியைத் தொடலாம். ஆனால் நூறு கிராம் அளவுக்குமேல் அழுத்தினால் மணி அடித்துவிடும். நூறு கிராம் யாரையும் தாங்கிப் பிடிக்காது. ஆனாலும் தள்ளாட்டம் வெகுவாகக் குறைந்தது. விரல் தாங்கவில்லை, உளவு சொன்னது. உங்கள் பயிற்சியை நான் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

சுவரருகே வெறுங்காலோடு வலக்காலில் நில்லுங்கள், முழங்கால் பூட்டாமல். ஆள்காட்டி விரல் சுவரில், ஈரச் சுண்ணாம்பைக் கலைக்காமல் தொடுவதுபோல். கால்விரல்கள் தரையைக் கவ்வாமல் நீண்டு கிடக்கட்டும். பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் என்று மூன்று இடங்களிலும் எடை மாறி மாறிப் போவதை உணருங்கள். தடுக்க முயலாதீர்கள், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். அரை நிமிடம், நாலைந்து முறை, தினமும். ஒரு வாரம் கழித்து விரலை எடுத்துவிட்டு அதே இடத்தில். அதற்குப் பிறகு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி. விரலும் இல்லாமல் கண்ணையும் மூடி நிற்பது கடைசி. மூலைச் சுவரில் முதுகுப் பக்கம் இரண்டு சுவரும் இருக்கும்படி நின்றால் பின்னால் விழ இடமிருக்காது. கண்ணை மூடியதும் படுமோசமாக ஆடுவீர்கள், எல்லாரும் ஆடுவார்கள். இரண்டு காலையும் ஒப்பிட்டு, வலக்காலில் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சாய்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள்.

இடுப்புத் தசைக்கு, இடப்பக்கமாகப் படுத்து மேலே உள்ள வலக்காலை நேராக, சற்றுப் பின்னால், மெதுவாகத் தூக்கி இறக்குவது பழைய முறை, இன்றும் அதைவிட எளிதாக ஒன்றும் கிடையாது. பக்கத்துக்குப் பன்னிரண்டு. முன்னால் வந்துவிட்டால் தொடைத் தசை திருடிக்கொள்ளும். கெண்டைக்காலுக்கு, குதிகாலைத் தூக்கி மூன்று எண்ணிக்கையில் இறக்குவது. இறக்குவதுதான் பயிற்சி, தூக்குவதல்ல.

வகுப்பில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று நடராஜர் நிலைக்குப் போய்ப் பழகுங்கள். நிலையில் நிற்பதைவிட நிலைக்குப் போவதைப் பத்து மடங்கு செய்யுங்கள்: போய், ஒரு கணம், இறங்கி, மறுபடி போய். உங்கள் சிக்கல் நிற்பதில் இல்லை, வந்து சேர்வதில் இருக்கிறது. ஊன்றிய காலை நினைக்காமல், குறுக்கே வரும் இடக்கை விரல்கள் எங்கே சுட்டுகின்றன என்பதில் மனத்தை வையுங்கள். உடலுக்கு வெளியே கவனம் இருந்தால் கணுக்கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

முழங்கால்களை மடக்கிப் பாதி உட்கார்ந்ததுபோல் நிற்கும் அரைமண்டியிலிருந்து இந்த நிலைக்குப் போகிறீர்கள் என்றால் அங்கேயும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். குதிகால்கள் நெருங்கி, பாதங்கள் பக்கவாட்டில் திரும்பிய நிலையில் தாங்கு பரப்பு பக்கவாட்டில் நீளம், முன்பின் மிகக் குறுகல். முழங்கால்கள் பாதங்களின் திசையில் விரிந்தால் உடல் நேர் கீழே இறங்கும். விரியாமல் முன்னால் வந்தால் புட்டம் பின்னால் போய், மார்பு முன்னால் கவிழ்ந்து ஈடுகட்டும். அப்படிக் கவிழ்ந்த நிலையிலிருந்து காலைத் தூக்கினால் முன்பின் தள்ளாட்டமும் சேர்ந்துகொள்ளும். இருபது ஆண்டுக்கு முன் திரும்பிய அளவுக்கு இன்று உங்கள் பாதம் திரும்ப வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். இடுப்பு மூட்டு தரும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். மிச்சத்தை முழங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் பிழிந்தால் பிசகிய கால் முதலில் கணக்குக் கேட்கும்.

சுற்றிய பிறகு கிறுகிறுப்பு காதுக் கோளாறல்ல, காது ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. நீர் நிறைந்த பாத்திரத்தைச் சுழற்றிச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே நீர் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதுபோல் நீங்கள் நின்ற பிறகும் திரவம் ஓட முயல்கிறது. இன்னும் சுற்றுகிறீர்கள் என்று காது சொல்கிறது, நின்றுவிட்டீர்கள் என்று கால் சொல்கிறது. பாலே ஆடுகிறவர்கள் ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, உடல் திரும்பத் திரும்பத் தலையைக் கடைசிவரை நிறுத்திவைத்து, பிறகு வெடுக்கென்று திருப்பி அதே புள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். உங்கள் சுற்றுகளிலும் அதைப் பழகலாம். பயிற்சியில் மூளையும் மாறுகிறது: லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-இல் பாலே ஆட்டக்காரிகளைப் படகுத் துடுப்பு வலிக்கும் வீராங்கனைகளோடு ஒப்பிட்டபோது, சுழற்றி நிறுத்திய பிறகு ஆட்டக்காரிகளுக்குக் கிறுகிறுப்பு விரைவில் அடங்கியது. காதின் செய்தியை வாங்கும் சிறுமூளைப் பகுதியிலும் வேறுபாடு தெரிந்தது. சுற்றும்போது பம்பரம்போல் நிமிர்ந்து நிற்போம் என்று மட்டும் நம்பாதீர்கள். பம்பரத்தை நிமிர்த்துவது அதன் வேகம். மனிதர் சுற்றும் வேகம் அதற்குக் காணாது. சாய்ந்து தொடங்கினால் சாய்ந்துதான் முடியும்.

காதைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ சில நொடி அறையே சுற்றினால், உட்காதில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிக் குழலுக்குள் போயிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் பெரும்பாலும் மாத்திரை இல்லாமலே சரிசெய்துவிடுவார். ஒரு காதில் திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காட்டுங்கள். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கைகால் மரத்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. வலது கணுக்காலை மட்டும் ஒருமுறை நேரில் யாரிடமாவது காட்டிவிடுங்கள். நடக்கும்போது திடீர் திடீரென்று மடங்குகிறது என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

சலங்கை கட்டாத வகுப்பு நாளாகப் பார்த்து, டீச்சர் அந்த நிலையில் நிற்கும்போது அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம். ஊன்றிய கணுக்காலுக்கு முன்னும் பின்னும் தோலுக்கடியில் நரம்புபோல் தெரியும் அந்த நாண்களை, கண் சிமிட்டாமல் பத்து நொடி பாருங்கள்.